வண்டி எந்தப் பக்கம் பார்த்தது

செய்தி வந்தபோது பெங்களூர் அல்சூர் மார்க்கெட்டில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். பிலோமினாவின் தம்பி சார்லஸ் போன் செய்தான். "நிர்மலாக்கா, அக்கா போய்ட்டாங்க. காபி கேட்டாங்க. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். மீன்காரம்மா பையை நீட்டிக்கொண்டே இருந்தார். அதை வாங்காமலே ஜோகுபாளையத்தில் இருக்கும் அவள் வீட்டுக்கு நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் அவளுடைய பழைய படம் ஒன்று. படத்துக்குக் கீழே, 'அமைதியே உருவானவர், எல்லோரையும் அனுசரித்து வாழ்ந்தவர்' என்று அச்சடித்திருந்தது. எங்கள் தொழில்காரர்களின் வாட்ஸாப் குழுவிலும் அதற்குள் அதே மாதிரிச் செய்திகள் வந்து குவிந்திருந்தன. மென்மையானவராம். யாருடைய மனதையும் புண்படுத்தாதவராம். எழுதியவர்களில் பாதிப் பேர் அவளிடம் நேருக்கு நேர் திட்டு வாங்கியவர்கள்.

அந்த வரிகளை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பிலோமினாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமானால், அவள் அனுசரித்துப் போகவில்லை என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 'அவர்' என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவது போலிருந்தது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரில் அனிமேஷன் செய்வது எங்கள் இருவருக்கும் தொழில். நான் உருவங்களைச் செய்பவள். மீன், பஸ், வீடு எதுவானாலும் அதன் உடலைக் கட்டித் தருவேன். அந்த உடலை நகர வைப்பது அவள் வேலை. குறிப்பாக, வளைந்து போகும் பாதையில் ஒரு பொருள் போகும்போது அது எப்படித் திரும்ப வேண்டும், எப்படிச் சாய வேண்டும் என்பதை அவளைவிட நன்றாகச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை. கேட்பவர்களுக்கு இது ஒரு சின்ன விஷயமாகத் தோன்றும். இந்தச் சின்ன விஷயத்துக்காக அவள் ஒரு வேலையை இழந்தாள். ஒரு மனிதனின் பெயர் அதனால்தான் கெடாமல் தப்பியது.

முதலில் மீன் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நாங்கள் இந்திராநகர் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தோம். வெளிநாட்டுக் குழந்தைகள் தொடர் ஒன்றுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு மீன் மேலேறியும் கீழிறங்கியும் நீந்திப் போக வேண்டும். மீன் போகும் வழியை வளைந்த கோடாக வரைந்து, அதன் மேல் மீனை ஏற்றிவிடுவோம். மூக்கு கோடு போகும் திசையைப் பார்க்கும், அதில் குழப்பமில்லை. முதுகு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில்தான் தகராறு. எங்களிடமிருந்த மென்பொருள், கோடு எந்தப் பக்கமாக வளைகிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தில் முதுகை வைத்தது. மேல்நோக்கி வளைந்துகொண்டிருந்த கோடு கீழ்நோக்கி வளையத் தொடங்கும் இடத்தில், முதுகும் சட்டென்று கீழே போய்விடும். மீன் மல்லாந்துவிடும். அந்த மீன் ஏன் நடுவில் செத்துப்போகிறது என்று வெளிநாட்டிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள்.

ஸ்டூடியோ முதலாளி ரகு சாருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வந்து, மீன் மல்லாந்துபோகும் ஒவ்வொரு இடத்திலும் கையால் நிமிர்த்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் பிலோமினா மாடிப்படியில் நின்றுகொண்டு, இறங்கிப் போன ஒவ்வொருவரிடமும் ஞாயிற்றுக்கிழமை யாரும் வர வேண்டாம் என்றாள். ரகு சார் காதில் விழும்படியே சொன்னாள். "மிஷின் பண்ற தப்புக்கு மனுஷங்க லீவ எதுக்குக் குடுக்கணும்? நான் பாத்துக்கறேன், போங்க."

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதினாள். கோடு வளையும் பக்கத்தைப் பார்த்து முதுகை வைக்காதே. முந்தின கணத்தில் முதுகு எங்கே இருந்ததோ, அதையே அடுத்த கணத்துக்கும் எடுத்துக்கொண்டு போ. பாதை திரும்பிய அளவுக்கு மட்டும் திருப்பு, அதற்கு மேல் துளிகூடத் திருப்பாதே. இவ்வளவுதான் அதிலிருந்த யோசனை. இது அவள் கண்டுபிடிப்பு இல்லை. கணக்குத் தெரிந்தவர்கள் பலருக்கும் தெரிந்ததுதான் என்று அவளே சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச் பூசைக்குப் போனாள். நாங்கள் அவரவர் வீட்டில் இருந்தோம். திங்கட்கிழமை மீன் செத்துப்போகாமல் கடைசிவரை நீந்தியது. ரகு சார் சிரித்துக்கொண்டே கை குலுக்கினார். அவர் கெட்டவரில்லை. ஆனால் எந்தச் சிக்கல் வந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள், என்பதுதான். பிலோமினா அதைப் பற்றி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அட்ஜஸ்ட் பண்ணுன்னு சொல்றது யாரு, பண்றது யாருன்னு பாரு நிர்மலா. ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்ததே இல்ல."

பிறகு தொழில் மாறியது. குழந்தைத் தொடர்கள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. ஸ்டூடியோவுக்குக் கட்டடக்காரர்களின் விளம்பரம், மருத்துவமனைப் படம் என்று கிடைத்ததெல்லாம் வந்தது. அப்படி வந்ததுதான் அந்த பஸ் வேலை.

தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் அது. சந்தாபுராவைத் தாண்டி ஆனேக்கல் போகும் பக்கத்தில், வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில், மழை பெய்துகொண்டிருந்த காலை நேரத்தில் சாலையை விட்டு இறங்கி, மழைநீர் போகும் ராஜகால்வாயில் விழுந்தது. பலருக்கு அடி. சுமதி என்கிற இளம்பெண் இறந்துபோனாள். ஓட்டியவர் சேகர், ஸ்ரீராம்புரத்துக்காரர். டிப்பர் லாரிகள் சிந்திய மண் மழையில் சேறாகிக் கிடந்ததென்றும், தான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்கத் திருப்பியும் வண்டி இடப்பக்கம் வழுக்கிக்கொண்டே போனதென்றும் அவர் சொன்னார். பஸ் நிறுவனம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கவனமில்லாமல் வண்டியைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிவிட்டார் என்றது. விசாரணையில் காட்டுவதற்காக, விபத்து நடந்த விதத்தைப் படமாகச் செய்து தரும்படி எங்கள் ஸ்டூடியோவிடம் கேட்டார்கள்.

அவர்கள் கொடுத்தது பஸ்ஸில் இருந்த ஜிபிஎஸ் கருவியின் பதிவு. ஒவ்வொரு நொடியும் வண்டி சாலையில் எந்த இடத்தில் இருந்தது என்று அது சொல்லும். அந்தப் புள்ளிகளைச் சேர்த்து பிலோமினா ஒரு வளைந்த கோடு போட்டாள். நான் செய்து கொடுத்த பஸ்ஸை அதன் மேல் ஏற்றினாள். 'பாதையைப் பின்பற்று' என்று மென்பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால், பொருளின் மூக்கு பாதை போகும் பக்கமே திரும்பும். பழக்கத்தில் டிக் போட்டாள். படத்தை ஓடவிட்டோம். பஸ் வளைவுக்கு வந்தது. மூக்கை அழகாக இடப்பக்கம் திருப்பியது. நேராகக் கால்வாயில் இறங்கியது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த யாரோ, அந்த ஆளே திருப்பியிருக்கிறான் பார் என்றார்கள். பிலோமினா திரும்பிப் பார்த்தாள். பிறகு படத்தை மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும். அப்புறம் அந்த டிக்கை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"மீனுக்கு மூக்கு எந்தப் பக்கம்னு நான் முடிவு பண்ணலாம். அது கதை," என்றாள். "இந்த பஸ்ஸோட மூக்கு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எனக்கு யாரு சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. கருவி இடத்தைச் சொன்னது, முகத்தைச் சொல்லவில்லை. வழுக்கிப் போகும் வண்டி, தான் போகும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு போகாது. மழையில் பைக்கில் விழுந்து எழுந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். சேகர் சொன்னது உண்மையானால், பஸ்ஸின் மூக்கு வலப்பக்கம் சாலையைப் பார்த்தபடி இருக்க, உடல் மட்டும் இடப்பக்கம் கால்வாயை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். அப்படிப் போனாலும் அதே புள்ளிகள்தான் பதிவாகியிருக்கும். எங்கள் படம் அந்த மனிதனைக் குற்றவாளியாகக் காட்டியது. காட்டியதற்கு ஆதாரம் ஒரு டிக்.

அவள் ரகு சாரிடம் போனாள். புள்ளிகளை மட்டும் காட்டலாம், அல்லது வண்டி பார்த்த திசை நாங்களாக ஊகித்தது என்று கீழே ஒரு வரி போடலாம் என்றாள். அவர் பஸ்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார். அந்த ஒரு வரி கூடாது என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் அவர் தன் வழக்கமான வார்த்தையைச் சொன்னார். டேட்டா அவங்களோடது, படம் அவங்களுக்கு, நடுவில் நாம் யார் என்று கேட்டார்.

"டேட்டா அவங்களோடது சார்," என்றாள் பிலோமினா. "மூக்கு நம்மளோடது. அத நான்தான் திருப்பினேன். அத வெச்சு ஒருத்தர ஜெயிலுக்கு அனுப்பினா, அனுப்பினது நான்."

அடுத்த நாள் அவள் வேலையில் இல்லை. அவளாகப் போனாளா, அனுப்பினார்களா என்று இன்றுவரை இரண்டு கதைகள் உலவுகின்றன. அந்த அறையில் நான் இருந்தேன். ஒரே மூச்சில் இரண்டும் நடந்தன. வேறொருவர் படத்தை முடித்துக் கொடுத்தார்.

பல பேர் அத்தோடு நின்றிருப்பார்கள். மனசாட்சிப்படி நடந்தோம், வேலையும் போயிற்று, இனி நம் கையில் எதுவும் இல்லை என்று. அவள் அந்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீராம்புரம் போனாள். சந்துக்குள் சந்து. பக்கத்து வீட்டு குக்கர் விசில் சேகரின் வீட்டுக்குள் கேட்டது. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். போலீஸ் வழக்கு வேறு. எங்களை பஸ் கம்பெனி அனுப்பியிருக்கிறது என்று நினைத்து அவர் முதலில் பேசவே இல்லை. பிலோமினா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினீர்கள்?

அவர் இரண்டு கைகளையும் காற்றில் தூக்கிப் பிடித்து, வலப்பக்கமாக, கை முறுகிக்கொள்ளும் வரை திருப்பிக் காட்டினார். "வண்டி கேக்கல மேடம்," என்றார்.

"நீங்க சொல்றது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது," என்றாள் பிலோமினா. "ஆனா அந்தப் படத்துக்கும் தெரியாது. அத வந்து சொல்றேன்."

சேகரின் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. சமையலறை வாசலிலிருந்தே கேட்டார். "நம்பாதவங்க எதுக்கும்மா வீடு தேடி வர்றீங்க?"

"நம்பறவங்க சொன்னா எடுபடாதும்மா," என்றாள் இவள். "சொந்தக்காரங்க சொல்றாங்கன்னுடுவாங்க. நான் உங்களுக்கு யாரும் இல்ல. அதான் நான் வரணும்."

அந்த அம்மாள் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

விசாரணை பஸ் நிறுவனத்தின் அலுவலகத்திலேயே நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை விசாரணை அதிகாரியாக வைத்திருந்தார்கள். சேகரின் தரப்புச் சாட்சியாக பிலோமினா போனாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். முதலில் நிறுவனத்தின் வக்கீல் படத்தைப் பெரிய டிவியில் போட்டார். நாங்கள் செய்ததைவிடப் பிரமாதமாகச் செய்திருந்தார்கள். மழை பெய்தது. வைப்பர் ஆடியது. பஸ் மெல்லத் திரும்பி, யாரோ பிடித்து அழைத்துப் போவது போலக் கால்வாய்க்குள் போனது. நான் சேகரைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையாகவே தான் இடப்பக்கம்தான் திருப்பினோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. ஒரு படத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. இத்தனை வருடம் அந்தத் தொழில் செய்த எனக்கு அன்றுதான் அது பயமாக இருந்தது.

பிலோமினா எழுந்தபோது, வேலையை விட்டுப் போனவர், மனதில் வன்மம் வைத்திருப்பவர் என்று வக்கீல் ஆட்சேபித்தார். வன்மம் இருக்கட்டும், காட்ட வந்ததைக் காட்டட்டும் என்றார் அதிகாரி. விசாரணைக்காக சேகர் தரப்புக்குக் கொடுத்திருந்த அதே புள்ளிகளை அவள் டிவியில் போட்டாள். முதலில், மூக்கு கால்வாயைப் பார்த்தபடி பஸ் போனது. பிறகு, மூக்கு வலப்பக்கம் சாலையைப் பார்த்தபடி, உடல் பக்கவாட்டில் வழுக்கி, அதே புள்ளிகள் வழியே போய் அதே இடத்தில் விழுந்தது. மூன்றாவதாக பஸ்ஸை அப்படியே பின்பக்கமாகத் திருப்பி வைத்தாள். பின்னோக்கியபடியே வளைவெல்லாம் கடந்து வந்து கால்வாயில் விழுந்தது. யாரோ சிரித்துவிட்டார்கள்.

இந்த மூன்றில் எது நடந்தது என்று அதிகாரி கன்னடத்தில் கேட்டார்.

தெரியாது என்று அவளும் கன்னடத்தில் பதில் சொன்னாள்.

வக்கீல் குதித்து எழுந்தார். எதுவும் தெரியாதென்றால் இங்கே எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். உங்களுக்கும் தெரியாது என்பதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள். அவர்கள் காட்டிய படத்தில் பஸ்ஸின் மூக்கைத் திருப்பியது யார் என்று அதிகாரி கேட்டார். படத்தை விளக்க ஸ்டூடியோவிலிருந்து வந்திருந்தவரை வக்கீல் பார்த்தார். அவர் மென்பொருள் என்றார். பிலோமினா, அந்த மென்பொருளில் டிக் இருக்கும் கட்டத்தைத் திறந்து காட்டினாள். எடுத்தாள். மூக்கு அசையாமல் நின்றது. போட்டாள். திரும்பியது. "முதலில் இதைப் போட்டது நான்தான். அதனால்தான் எனக்குத் தெரியும்," என்று முடித்துக்கொண்டாள்.

படத்தை விசாரணையில் சேர்க்க முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். டயரும் ஸ்டியரிங்கும் என்ன நிலையில் இருந்தன என்று பார்க்க பஸ்ஸைக் கொண்டுவரச் சொன்னார். பஸ் அதற்குள் பழைய இரும்புக்குப் போய்விட்டிருந்தது. அவ்வளவு அவசரமாக அதை ஏன் உடைத்தார்கள் என்று அவர் கேட்டார். சேகர் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார். போலீஸ் வழக்கும் பின்னால் அதே காரணத்தால் நிற்கவில்லை. சேகர் திரும்ப அந்தக் கம்பெனிக்குப் போகவில்லை. இப்போது சரக்கு டெம்போ ஓட்டுகிறார்.

இங்கே இதை முடித்தால் எல்லோருக்கும் பிடிக்கும். பிலோமினா முடிக்கவிடவில்லை. இறந்துபோன சுமதியின் அம்மா சந்தாபுராவில் இருந்தார். அவரைப் பார்க்கப் போக வேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்றேன். சார்லஸும் வேண்டாம் என்றான். மகளைக் கொன்றவனைக் காப்பாற்றியவள் என்றுதான் அந்த அம்மாள் இவளை நினைப்பார் என்று எங்களுக்குப் பயம். அதற்காகத்தான் போகணும் என்றாள்.

அந்த அம்மாள் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே பேசினோம். பிலோமினா எதையும் பூசி மெழுகாமல் நடந்ததைச் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப என் பொண்ணு எப்பிடி செத்தான்னு யாருக்குமே தெரியாதா?" என்றார்.

"தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி ஒரு படம் காட்டினாங்க. அத நம்பி நீங்க ஒரு ஆளை சாவற வரைக்கும் சபிச்சிட்டு இருந்திருப்பீங்க. வண்டிய உடைச்சவங்கள யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க."

அந்த அம்மாள் அழவில்லை. அந்தப் படத்தைத் தனக்குக் காட்டச் சொன்னார். பிலோமினா லேப்டாப்பைத் திறந்தாள். பஸ்ஸை எடுத்துவிட்டு, சாலையும் புள்ளிகளும் மட்டும் இருக்கும்படி வைத்து, இது மட்டும்தான் உண்மையாகத் தெரிந்தது என்றாள். அந்த அம்மாள் குனிந்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். கடைசிப் புள்ளியின் மேல் விரலை வைத்தார். எடுக்க வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் கிளம்பும்போது தண்ணீர் கொடுத்தார். அவர் எங்களை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. பிலோமினா அதை எதிர்பார்த்துப் போகவும் இல்லை.

அதன் பிறகு பெங்களூரில் எந்த ஸ்டூடியோவும் அவளை எடுக்கவில்லை. வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுப்பவள் என்று பெயர். இன்று வாட்ஸாப்பில் மெழுகுவத்திப் படம் போடுகிறவர்கள் சிலர் அன்று அவள் போனை எடுக்கவில்லை. அவள் அதற்காக யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. ஜோகுபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தாள். நானும் ஸ்டூடியோவை விட்டு அங்கே வந்துவிட்டேன். கல்யாண அழைப்பு வீடியோவிலிருந்து பள்ளிக்கூடப் பாடம் வரை எல்லாம் செய்தோம். ஒருமுறை ரகு சாரே போன் செய்து, நடந்ததை மறந்துவிட்டுத் திரும்ப வரச் சொன்னார். "வர்றேன் சார். அந்த பஸ் படத்துக்குக் கீழ அந்த ஒரு வரிய போட்டுக் குடுங்க, நாளைக்கே வர்றேன்," என்றாள். படமே இப்போது எங்கும் இல்லையே என்றார் அவர். "அதனால என்ன, போடுங்க," என்றாள். அவர் மறுபடி கூப்பிடவில்லை.

கிட்னி போனபோதும் அவள் அவளாகத்தான் இருந்தாள். டயாலிசிஸ் படுக்கையில், ஊசி குத்தாத கையால் வேலை பார்த்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர் டிவியில் பார்த்த விளம்பரத்தில் விமானம் தப்பாகச் சாய்கிறது என்று அவள் நர்சிடம் விளக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்க்க வந்த உறவுக்கார அம்மாள் ஒருவர் எல்லாம் கடவுள் சித்தம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடவுள் மேல பழி போடாதீங்க ஆன்ட்டி. பிரஷர் மாத்திரைய ஒழுங்கா போடாதது நான்," என்றாள். அவ்வளவு பலவீனத்திலும் யார் என்ன செய்தார்கள் என்பதைச் சரியாகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் அவளால் அடுத்த பேச்சுக்குப் போக முடியும்.

அடக்கத்துக்கு சேகரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். ரகு சார் பெரிய மலர் வளையம் கொண்டுவந்தார். ரொம்பப் பிடிவாதக்காரி என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஆமாம் சார் என்று, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். அன்று அவளைப் பற்றி எல்லோரும் சொன்னதில் உண்மையான வார்த்தை அது ஒன்றுதான்.

அவளுடைய பொருட்களில் எனக்கென்று எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியையும் கம்ப்யூட்டரையும் சார்லஸ் கொண்டுபோகட்டும். நான் வைத்துக்கொண்டது வேறு. எங்கள் அறையில் அவள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தாள். விபத்துப் படமோ வேறு எந்த உண்மைச் சம்பவமோ, ஒரு பொருள் எந்தப் பக்கம் பார்த்தது என்று தெரியாவிட்டால், அதன் இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பந்தை வைத்துவிடுவோம். பந்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாதையில் எப்படிப் போனாலும் அது யார் மேலும் பொய் சொல்லாது. இந்தப் பந்தால் எங்களுக்குப் போன வேலைகள் அதிகம். அதை அவள் மாற்றவே இல்லை.

போன வாரம், அவள் இல்லாமல் நான் தனியாகச் செய்த முதல் வேலையைப் பார்க்க ஒரு வக்கீல் வந்தார். ஒரு ஸ்கூட்டரும் தண்ணீர் லாரியும் மோதிய வழக்கு. திரையில் லாரி வந்தது. அது எந்தப் பக்கம் பார்த்து வந்தது என்று சொல்ல, நேரில் கண்டவர்கள் இருந்தார்கள். எதிரில் சாம்பல் நிறப் பந்து உருண்டு வந்தது. அவருக்கு எரிச்சல். ஸ்கூட்டர் எங்கே, பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா என்றார். சிரிக்கட்டும், ஸ்கூட்டரைப் பார்த்த ஒரு ஆளைக் கூட்டிவாருங்கள், பந்தை எடுத்துவிட்டு ஸ்கூட்டரை வைக்கிறேன் என்றேன். இவ்வளவு வருடம் தொழில் செய்கிறீர்கள், ஒரு ஸ்கூட்டர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று உங்களுக்கே தெரியாதா என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு முன்பெல்லாம் அவள்தான் பதில் சொல்வாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"தெரியாது," என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை.